விளக்கை மூடிய கை

இரண்டாவது முறையும் தொபேகா அந்த ஆளை வண்டி ஏற்றிக் கொன்றாள். கண்ணைக் கவ்வியிருந்த கருவிக்குள் சுரங்கப்பாதை சிவந்து, பிறகு இருண்டது. கழற்றினாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ரஸ்டன்பர்க் பிளாட்டினச் சுரங்கத்தின் பயிற்சி அறை, ஒரு நாற்காலி, ஸ்டீயரிங், இரண்டு மிதி, அவ்வளவுதான்.

"இன்னும் ஒரே ஒரு தடவதான் இருக்கு," என்றான் மொலெஃபி.

அவன் முகத்தில் விழிக்கவே அவளுக்குப் பிடிக்காது. ஒன்றரை வருடத்துக்கு முன்பு, பூமிக்கடியில் பாறை அள்ளும் வண்டியால் அவள் கணவன் வுயானியைச் சாய்த்தவன் இவன்தான். அவனிடமிருந்து வண்டியைப் பிடுங்கிக்கொண்டு, பயிற்சி தர இந்த அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். செத்தவன் வீட்டில் ஒருவருக்கு வேலை தருவது சுரங்கத்து வழக்கம், அதனால் அவள் வந்தாள். இன்று தேறாவிட்டால் வேலை இல்லை, குடியிருப்பும் இல்லை. இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கே போவாள்? ஊரில் மாமியார் வீட்டில் ஏற்கெனவே பதினோரு வயிறு.

சவ அடக்கத்தன்று "உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று அத்தனை பேர் முன்னால் அவன்மேல் துப்பியவள் அவள். இப்போது அவள் கண்ணுக்கும் ஆள் தெரியவில்லை. அந்த இருக்கையிலிருந்து பார்த்தால் வண்டியின் மறுபக்கம் வெறும் இரும்பு. ஆளோ ஒவ்வொரு முறையும் வேறொரு திருப்பத்தில் வருகிறான்.

"வெளிச்சத்தத் தேடித்தேடிப் பாக்குறேன். அந்தாளு தலையில விளக்கே எரியல. இது என்ன ஏமாத்து வேல?"

"எரியுதும்மா. கையால மூடிக்கிட்டு வர்றான்."

அந்தப் பழக்கம் அவளுக்குத் தெரியும். எதிரே வருபவர் கண்ணில் வெளிச்சம் அடிப்பதைக் கீழே யாரும் செய்யமாட்டார்கள், அது மரியாதைக் கேடு. வீட்டில்கூட வுயானி பிள்ளைகள் தூங்கும் அறைக்குள் கைப்பேசி வெளிச்சத்தைப் பொத்திக்கொண்டுதான் வருவான்.

"அன்னிக்கு என் கண்ணு கூசக் கூடாதுன்னுதான் வுயானி மூடுனான். விசாரணையில நான்தான் சொன்னேன், அப்படியே இந்தப் பயிற்சியில சேத்துட்டாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க பேச விட்ட?"

அவள் கருவியை மாட்டிக்கொண்டாள். இந்த முறை வெளிச்சத்தைத் தேடவில்லை. மூன்றாவது திருப்பத்தில், இரும்புக்கு அப்பால், சுவரோரம் மங்கலாக ஒரு சிவப்பு. விரல்களுக்குள் எரியும் விளக்கு. பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தாள். வண்டி நின்றது.

"நிறுத்திட்ட! நிறுத்திட்டம்மா!" மொலெஃபியின் குரல் உடைந்தது. "அவன் ஒதுங்கிட்டான் பாரு. இப்ப வண்டிய எடு. இருபது செகண்டுக்குள்ள எடுக்கலன்னா தேறலன்னு போட்டுடும்."

அவள் கால் நகரவில்லை. ஒன்றரை வருடம் கழித்து உயிரோடு நிற்கிறான். வண்டியை எடுத்தால் பின்னால் இருட்டுக்குள் போய்விடுவான். பிள்ளைகளை நினைத்தாள், அப்போதும் கால் அசையவில்லை.

"எடும்மா, உன்னக் கெஞ்சிக் கேக்குறேன்."

சுவர்ப் பொந்துக்குள் ஒதுங்கியிருந்த அந்த முகமில்லாத உருவம் விளக்கிலிருந்து கையை எடுத்தது. போகலாம் என்று தலையை மேலும் கீழும் ஆட்டியது. வெளிச்சம் அவள் கண்ணில் பட்டும் விலகியும் ஆடிக்கொண்டே இருந்தது.