ஆடாத எண்

அருள்புரத்துச் சாயப்பட்டறையில் நெட்வொர்க் பார்ப்பவள் ஆஷா. காலையில் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் வீடியோவில் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது படம் திக்கியது. தகவல் வரிசை நிரம்பினால் மற்ற கருவிகள் அனுப்பும் தகவல் பாக்கெட்டுகளைக் கொட்டிவிடும்படி ரூட்டரை மாற்றினாள். படம் தெளிந்தது.

"இப்படியே இருக்கட்டுங்க, கை வைக்காதீங்க," என்றார் மேனேஜர் முகிலன்.

அப்போதுதான் திரையின் ஓரத்தில் பாய்லர் பிரஷரைக் கவனித்தாள். 7.2. எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் எண் நான்கு நிமிடமாக ஆடவில்லை. கொட்டப்பட்டவற்றில் அதுவும் இருந்தது. பாய்லரைப் பார்த்துக்கொள்பவர் அவள் அப்பா அந்தோணிராஜ். அவருக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, இன்னைக்கு பிரஷர் அசையாம நிக்கு. நல்ல நாளு," என்று சிரித்தார்.

அவருடைய திரையிலும் அதே பழைய எண். திரை வந்த பிறகு அவர் ஏணியில் ஏறி மீட்டர் முள்ளைப் பார்ப்பதில்லை.

"அப்பா, அது பழைய எண். மேல ஏறி முள்ளப் பாருங்க."

போனில் இரும்பு ஏணி அதிர்ந்தது. வரிசை நிரம்புமுன் பாக்கெட்டுகளில் குறி வைத்து, வீடியோவை மெதுவாக அனுப்பச் சொல்லும் பழைய விதிக்கே ரூட்டரைத் திருப்பினாள். எண் 9.8க்குத் தாவியது. பத்தைத் தாண்டக் கூடாது. போனில் ஆவி சீறியது. அப்பாவின் குரல் கேட்கவில்லை.

"வால்வத் தொறந்துட்டேன், ஏட்டி." அவருக்கு மூச்சு வாங்கியது.

9.1. 8.6.

"ஏனுங்க, படம் மங்குதுங்களே," என்றார் முகிலன்.

"மங்கட்டுங்க," என்றாள் ஆஷா. எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.