கீல் உள்பக்கம்

தச்சன் என்றால் அவன்தான் தச்சன் என்று தெருவே மெச்சும். வீட்டுக்குள் அவனுக்கு இன்னொரு கைவேலையும் உண்டு என்பது பெண்டாட்டியின் கன்னத்துக்குத்தான் தெரியும். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பாள் மாமியார். ஒன்பது வருடத்தில் அதில் முதல் பாதி மட்டும் தவறாமல் நடந்தது.

நாற்காலிப் பட்டறைக்காரம்மா பாலிஷ் வேலைக்கு அவளைப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். பிந்தினால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். யாரோ அவன் காதில் போட்டுவிட்டார்கள். காலையில் கன்னத்தில் ஓர் அறை விட்டு, போனைப் பிடுங்கிக்கொண்டு, கதவை வெளியே பூட்டிவிட்டுப் போனான்.

அவளைக் கூட்டிப் போக வந்த அக்கா ஜன்னலுக்கு வெளியே கையைப் பிசைந்தாள். "பூட்டு உடைக்கிற ஆளைக் கூட்டிட்டு வரட்டுமாடி?"

"அதுக்குள்ள மணி பன்னெண்டாயிடும்க்கா." அழுகை முட்டியது. ஆத்திரம் அதை முந்திக்கொண்டது.

கதவு அவனே செய்தது. உள்பக்கமாகத் திறக்கும், ஆகவே கீல்களும் உள்ளேதான். அவ்வளவு பெரிய பூட்டை மாட்டியவனுக்கு இது தெரியாதா? தெரியும். இவளுக்கும் தெரியும் என்றுதான் அவனுக்குத் தோன்றவில்லை. ஒன்பது வருடம் இவள் தாங்கிப் பிடித்த கதவுகளைத்தான் அவன் மாட்டினான். பிடித்தவளுக்குக் கண் இல்லையா என்ன?

ஒரு பெரிய ஆணியும் இஞ்சி இடிக்கும் இரும்புலக்கையும் எடுத்தாள். கீழ்க் கீலில் தொடங்கினாள். மேலே தொடங்கினால் கதவு தலையில் சாயும். அதை ஒரு முறை மறந்ததற்கு முதுகில் மரச்சட்டத்தால் அடி வாங்கியிருக்கிறாள். கீலைக் கோத்திருந்த கம்பி தட்டத் தட்ட மேலேறி வந்தது. மேல் கீலும் கழன்றபோது, ஜன்னலைவிட்டு வாசலுக்கு வந்த அக்கா விலகிய இடுக்கில் கைவிட்டுக் கதவைத் தாங்கினாள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டம்மாள் வந்தாள். இவள் அலறும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்த புண்ணியவதி. "குடும்பம்னா ஆயிரம் இருக்கும்மா..." என்று ஆரம்பித்தாள்.

"ஆயிரத்தையும் நான்தாங்க வாங்கினேன். இப்போ கதவு கனமா இருக்கு. பிடிக்கிறீங்களா, போறீங்களா?"

எதிர்வீட்டம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு அக்காவின் கைகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கைகள் கதவிடுக்கில் நுழைந்து பிடித்தன; கதவு விலக, அவள் வெளியே வந்தாள்.

பட்டறைக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். வீங்கிய கன்னத்தையும் பார்த்தார். மணி பத்து ஐந்து. "வீட்டுக்காரர் சம்மதிச்சாரா? நாளைக்கே வந்து இழுத்துட்டுப் போனா என் வேலை கெட்டுடும்."

"நான் அந்த வீட்டுல இல்லைங்க. அக்கா வீட்டுலேர்ந்து வருவேன்."

வாய் சொல்லும்வரை அவளுக்கே அது தெரியாது. அக்கா வேகமாகத் தலையாட்டினாள்.

பட்டறைக்காரம்மா ஓர் உப்புத்தாளை எடுத்து நீட்டினார். "அந்தக் கடைசி நாற்காலிலேர்ந்து தேய்ச்சுட்டு வா."