எட்டாவது உலகத்தின் கதவு

பகடை விளையாட்டுக்காகத் தம்பி பன்னிரண்டு உலகங்களை எழுதிவைத்திருந்தான். ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததற்கு ஒரு கதவு. படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"ஏழாவது உலகத்துல ஒண்ணுமே விளையாதுன்னு எழுதியிருக்க. அங்க இருக்கறவங்க என்னடா திம்பாங்க?"

"அதை யோசிக்கலக்கா. பசிச்சா எட்டாவதுக்கு வந்துடுவாங்க."

எட்டாவது உலகத்தின் வரைபடத்தைப் பிரித்தேன். அப்படியே எங்கள் வீடு.

"சோம்பேறி! நம்ம வீட்டையே வரைஞ்சு வெச்சிருக்கியே!"

படத்தில் கதவு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்தது. எங்கள் வீட்டில் அங்கே வெறும் சுவர்தான்.

அந்தச் சுவருக்குள் பகடை உருளும் சத்தம் கேட்டது. எங்கள் பகடை மேசைமேல் அசையாமல் கிடந்தது.

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆறு விழுந்தா கதவு திறக்கும்க்கா."

"எத்தனை தடவை உருட்டலாம்?"

"அதையும் யோசிக்கல."

மறுபடியும் உருண்டது.