மூக்குக்குப் பக்கத்தில் இன்னொரு மூக்கு

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே பன்னிரண்டு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எழிலரசனுக்குத் தன் மூளையைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம். மெக்கானிக் ஒருவனையும் அவர் தன் கலர் பிரிண்டரைத் தொட விட்டதில்லை. பிரிண்டரும் அதற்குத் தக்கபடி ஆகியிருந்தது. படம் அச்சடித்தால் முகத்தில் வெள்ளைக் கோடு ஓடும். கோடு ஓடாத நாளில் மூக்குக்குப் பக்கத்தில் இன்னொரு மூக்கு தெரியும். யாராவது கேட்டால் பேப்பர் சரியில்லை என்பார், கரண்ட் சரியில்லை என்பார். கரண்ட் வந்து மறுத்துப் பேசவா போகிறது?

அன்று காலை தளவானூரிலிருந்து தமிழினி வந்தாள். மறுநாள் விழுப்புரத்தில் அரசு வேலைக்கான தேர்வு. ஹால் டிக்கெட் கலரில் வேண்டும்.

"அண்ணே, இந்த வாட்டி நான் அசையவே இல்ல. ஸ்டுடியோவுல மூச்சைப் புடிச்சிக்கிட்டு நின்னேன்."

எழிலரசனுக்குச் சுருக்கென்றது. போன வருடமும் ஹால் டிக்கெட்டை அவர்தான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். படத்தைப் பார்த்துவிட்டு இது நீயில்லை என்று தேர்வு மையத்து வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவள் உள்ளே போவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது, மூன்று மார்க்கில் வேலையும் போய்விட்டது. அழுதுகொண்டு வந்து கேட்டவளிடம் இவர் கூசாமல் சொன்னார், "போட்டோ எடுக்கறப்ப நீ ஆடிட்டம்மா." அவளும் நம்பிவிட்டாள்.

பிரிண்ட் வந்தது. கோடும் இருந்தது, இரண்டு மூக்கும் இருந்தது.

"சத்தியமா அசையலண்ணே," என்றாள் தமிழினி.

"இரும்மா, டென்ஷன் ஆவாத. மை வர்ற ஹெட் அடச்சிக்கிட்டு இருக்குது."

ஹெட் கிளீனிங் கொடுத்தார். பிரிண்டர் கால் மணி நேரம் கனைத்துவிட்டு ஓய்ந்தது. இன்னொரு முறை கொடுத்ததும் கோடு போய்விட்டது. மூக்கு மட்டும் ஜோடியாகவே நின்றது.

அப்படியென்றால் அலைன்மென்ட்தான். மை விழும் இடத்தை நேர்படுத்துகிற வேலை. ஒரு தாளில் ஒன்று முதல் ஒன்பது வரை கட்டங்கள் அச்சாகி வரும். எந்தக் கட்டத்தில் கோடு இல்லையோ அந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும், அவ்வளவுதான். எழிலரசன் தாளை எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் மாதிரி தூக்கிப் பிடித்துப் பார்த்து ஏழைத் தட்டினார். இரண்டு மூக்கு. மறுபடி தாள், மறுபடி ஏழு, மறுபடி இரண்டு மூக்கு.

தமிழினி எட்டிப் பார்த்தாள். "எட்டாவது கட்டந்தானே சுத்தமா இருக்குது? ஏழுல கோடு தெரியுதேண்ணே."

"தெரியுதும்மா. ஆனா எட்டு சனியோட நம்பர்."

வண்டி நம்பரைக் கூட்டினால் எட்டு வந்தது என்று இரண்டு மாதம் வேறு நம்பருக்குக் காத்திருந்து நடந்தே கடைக்கு வந்த மனிதர் அவர். சனியைத் தன் கையாலேயே கடைக்குள் அழைப்பாரா?

"பிரிண்டருக்குக்கூடவா சனி புடிக்கும்?"

அவள் கேலி செய்யவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எழிலரசன் தன் பதிலை முதலில் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். வெளியே சொல்லக்கூடிய பதிலாக இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு எட்டைத் தட்டினார்.

ஹால் டிக்கெட் வந்தது. ஒரே மூக்கு. புருவத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மச்சம்கூடத் தெரிந்தது.

"பாத்தீங்களா!" தமிழினி துள்ளினாள். "நான் அசையாம நின்னா எப்பிடி வருதுன்னு!"

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பன்னிரண்டு வருடப் பெயர் அப்படியே இருக்கும். பின்னால் மூன்று பேர் வேறு ஜெராக்ஸுக்காக நின்றிருந்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தும் சொல்லிவிட்டார்.

"நீ போன வருஷமும் அசையலம்மா. நான்தான் எட்டுக்குப் பயந்து ஏழு போட்டுட்டேன்."

அவள் சிரிப்பு நின்றது.

"ஒழுங்கா நிக்கக்கூடத் தெரியாத பொண்ணுன்னு எங்க நைனா ஒரு வருஷமா எங்கூட சரியா பேசறது இல்ல, தெரியுமா?" என்று சொல்லி, போனில் நம்பரைப் போட்டு நீட்டினாள். "அவர்கிட்ட சொல்லுங்க."

சொன்னார். எட்டு, ஏழு, சனி எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த மூன்று பேரில் ஒருவர் இருமுவதுபோல் சிரித்தார். மறுமுனையில் அவள் அப்பா தனசேகரன் திட்டுவார் என்று எழிலரசன் காத்திருந்தார். திட்டினால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பொண்ணுகிட்ட குடுப்பா போனை," என்று மட்டும் சொன்னார் அவர்.

தமிழினி வாங்கிக் காதில் வைத்தாள். "இன்னா நைனா?" என்றாள். "பரவால்ல, வுடு நைனா," என்றாள் பிறகு. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் எழிலரசன், ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் திரும்பும்வரை நின்றுகொண்டிருந்தார்.