ஆளில்லாத படங்கள்

நாகேஷ் கதவைத் தட்டியபோது இளங்கோவன் படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிறவனை அந்த லைன் வீடுகளில் யாரும் எழுப்புவதில்லை. குழாயில் தண்ணீர் வந்தால்கூட அவனுடைய குடத்தை யாராவது நிரப்பி வாசலில் வைத்துவிடுவார்கள். அதனால் எழுந்து வரும்போதே ஏதோ பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தான். நாகேஷ் மொட்டைத் தலையோடு நின்றிருந்தான். அவன் அம்மா அன்னம்மாள் போய் ஒரு வாரம்கூட முடியவில்லை. அதற்குமேல் பெரிதாக என்ன இருக்க முடியும் என்று இளங்கோவனுக்குப் புரியவில்லை.

"சாரி குரு, எழுப்பிட்டேன். அம்மா போட்டோ ஒண்ணு வேணும்." அந்தப் பக்கம் யாரும் யாரையும் குரு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"போட்டோவா?"

"காரியத்தன்னிக்கு மாட்டணுமில்ல. வீட்ல ஒண்ணுமே இல்ல. கல்யாண போட்டோ ஒண்ணு கீது, அதுல அம்மாவுக்குப் பதினேழு வயசு. அத மாட்டி நைனாவப் பக்கத்துல உக்கார வெச்சா, பேத்தி செத்துட்டான்னு நெனச்சுக்குவாங்க. ஓட்டு கார்டுக்குப் படம் புடிக்க வந்தப்ப அம்மா அத்திபெலே ஊர்ல என் தங்கச்சி பிரசவத்துக்குப் போயிருந்தாங்க. நீதான் எப்பப் பாத்தாலும் கேமராவும் கையுமா முத்தத்துல நிக்கிறியே. நல்லதா ஒண்ணு பாத்துக் குடு."

கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் அன்னம்மாளுக்கு முகம் வீங்கிப்போயிருந்தது. அந்த முகத்தை யாரும் படம் எடுக்கக் கூடாது என்று அவள் புருஷன் நாராயணசாமி சொல்லிவிட்டார். மகன் அவரை நைனா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு லைன் முழுக்க அவருக்கு அதுதான் பெயர். நைனா சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

"சாயங்காலம் எடுத்துக் குடுக்கறேன்" என்றான் இளங்கோவன். அப்போது அவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூ பெட்டியை இழுத்தான். நீலசந்திராவுக்குக் குடிவந்த நாள் முதல் எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. கொடியில் காயும் போர்வை, அதன் பின்னாலிருந்து வெயில் அடித்து நடுவில் மட்டும் நூல் நூலாகத் தெரிகிற இடம். குழாயடிச் சிமெண்டில் குடங்கள் வைத்து எடுத்து வைத்து எடுத்து உண்டான வட்டப் பள்ளங்கள். மழை விட்ட காலையில் முற்றத்தில் தேங்கிய தண்ணீரில் தலைகீழாகக் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கவிழ்த்து வைத்த வாளிகள்.

தங்கவயலில் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன் அவன். சந்தாபுரா பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. இரவு முழுக்க பெல்ட்டில் ஓடிவரும் பாட்டில் மூடிகளில் கோணலானதைப் பொறுக்கித் தள்ள வேண்டும். காலையில் கம்பெனி வண்டி இறக்கிவிட்ட பிறகும் கண் எதையோ பொறுக்கிக்கொண்டே இருக்கும். உடனே தூக்கம் வராது. ஞாயிறு சந்தையில் வாங்கிய பழைய யாஷிகா கேமராவோடு முற்றத்தில் நின்றால் அந்தக் கண்ணுக்கு வேறு வேலை கிடைத்தது. கலை, பொழுதுபோக்கு என்றெல்லாம் அவன் அதற்குப் பெயர் வைக்கவில்லை. மாதத்துக்கு ஒரு ஃபிலிம் ரோல், அவ்வளவுதான்.

ஆட்களை அவன் எடுப்பதில்லை. ஆள் வந்தால் படம் ஆளுடையதாகிவிடும். கேமராவைத் தூக்கியதும் முடியை ஒதுக்குவார்கள், சிரிப்பார்கள், பிறகு பிரிண்ட் கேட்பார்கள். கொண்டுபோய்க் கொடுத்தால் உட்காரவைத்து டீ போடுவார்கள். ஊரில் யார் யார் இருக்கிறார்கள், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று ஆரம்பிப்பார்கள். அதற்கு வாளி எவ்வளவோ மேல்.

அன்னம்மாளுக்கு இது வந்த புதிதிலேயே புரிந்துவிட்டது. அவன் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனால், "இரு இரு, நான் நவுந்துக்குறேன்" என்று கையிலிருப்பதோடு ஓரமாகப் போய் நிற்பாள். மற்றவர்களையும் விரட்டுவாள். "ஏய் சரசு, வாடி இந்தாண்ட. பையன் குழாயப் போட்டோ புடிக்குது, ஒன் மூஞ்சி வந்தா குழாய் கெட்டுப்பூடும்." க்ளிக் சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டு, "ஆச்சா?" என்பாள். "ஆச்சும்மா" என்பான். பல நாட்களில் பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை அவன் ஒரு மனுஷியோடு பேசிய பேச்சு அது மட்டும்தான்.

பெட்டியைக் கட்டில்மேல் கவிழ்த்தான். ஒரு படத்தின் ஓரத்தில் பச்சை முந்தானையின் நுனி கிடைத்தது. இன்னொன்றில் சிமெண்ட் தரையில் நீளமாக ஒரு நிழல், கையில் குடம். வேறொன்றில் ரப்பர் செருப்பும் மெட்டி போட்ட விரலும். சில படங்களில் அவள் அப்போதுதான் கீழே வைத்துவிட்டு நகர்ந்த வாளியில் தண்ணீர் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. முகம் ஒன்றிலும் இல்லை. வெயில் உச்சிக்கு ஏறும்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பிரிண்ட் போடும்போது ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும் என்பது அவனுக்கு நினைவுக்கு வந்தது. நெகடிவில் அந்த ஓரம் இருக்கும். நெகடிவ் கவர்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆஸ்டின் டவுனில் நோயலின் கலர் லேபுக்குப் போனான். நோயலுக்கும் அவனுக்கும் பழைய தகராறு உண்டு. ஆள் இல்லாத நெகடிவ் வந்தால், கை தவறி அமுக்கியிருப்பார்கள் என்று நினைத்து லேபில் பிரிண்ட் போடாமல் விட்டுவிடுவார்கள். கஸ்டமருக்கு வீண் செலவு எதற்கு என்ற நல்லெண்ணம். இளங்கோவனின் முதல் ரோல் ஒரு பிரிண்ட்கூட இல்லாமல்தான் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கவரிலும் 'எல்லாம் போடவும்' என்று எழுதிக் கொடுத்தான்.

நோயல் நெகடிவ்களை விளக்குப் பலகைமேல் பரப்பி, கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினான். கடையில் வேறு யாரும் இல்லை.

"காது ஒண்ணு கெடச்சுது குரு. தோடுகூட இருக்கு."

"முகம்?"

"கன்னம் கொஞ்சம். இந்தக் கன்னத்துக்கு எப்படி மாலை போடுவாங்க?" லென்ஸை எடுத்துவிட்டு அவனைப் பார்த்தான். "நான் அப்பவே சொல்லல? சும்மா வாளியும் குடமும் எடுத்துக்கிட்டு. மனுஷன எடு, ஒரு நாள் ஒதவும்னு சொன்னேனா இல்லியா?"

இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் வெறும் கையோடு போனால் தேடாமலே சொல்கிறான் என்று நினைப்பார்களோ என்று, ஷூ பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாகேஷின் வீட்டுக்குப் போனான். அவன் செய்த முட்டாள்தனம் அதுதான். நாகேஷின் மனைவி ஷோபா படங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இது எங்க வாளி" என்றாள். "இது எங்க கொடி. இந்தக் குடம், இதுவும் எங்களுது, நசுங்கினது."

"எங்க ஊட்டு வாளிக்கு இத்தினி போட்டோ" என்றான் நாகேஷ். "எங்கம்மாவுக்கு ஒண்ணு இல்ல."

"நான் எடுக்கும்போதெல்லாம் அவங்களே நகந்துக்குவாங்க." சொல்லி முடிப்பதற்குள் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது.

"நவுராதீங்கன்னு ஒரு வாட்டி சொல்ல வாய் இல்லியா ஒனக்கு?"

நாராயணசாமி உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. இளங்கோவன் படங்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தான். அடுத்த முறை தண்ணீர் வந்து நின்ற பிறகு கதவைத் திறந்தபோது வாசலில் குடம் காலியாக இருந்தது. யாரும் திட்டவில்லை, யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. குடத்தை மட்டும் யாரும் தொடவில்லை. முனைக் கடையில் இரண்டு பாட்டில் தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டு படுத்தான்.

காரியத்தன்று நாகேஷ் ஒரு படத்தை மாட்டியிருந்தான். சிவாஜிநகரில் யாரோ ஆர்ட்டிஸ்டிடம் கல்யாண போட்டோவைக் கொடுத்து, அந்தப் பெண்ணுக்கு வயதேற்றி வாங்கி வந்திருந்தான். காதோரம் நரை, வாயருகே இரண்டு கோடு, பின்னால் நீல மேகம். கண் மட்டும் பதினேழு வயதிலேயே இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நின்று, "அப்படியே அன்னம்மா" என்றார்கள். சரசு மூக்கைச் சிந்தினாள். இளங்கோவன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தான். அது அன்னம்மாள் இல்லை. ஆனால் எது அன்னம்மாள் என்று நினைத்துப் பார்த்தால் தோடும் முந்தானையும் மெட்டியும்தான் வந்தன. நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவனால் எதையும் வைக்க முடியவில்லை. தினமும் பேசியவளை ஒரு நாளும் அவன் நேராகப் பார்த்ததில்லை. பந்தியில் ஷோபா அவன் இலையிலும் வடை வைத்தாள். நாராயணசாமி படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் கதவு தட்டப்பட்டது. சரசு நின்றிருந்தாள். பட்டுப் புடவை, முகம் முழுக்கப் பவுடர்.

"எளங்கோ, கேமரா எடு. என்னய ஒண்ணு புடி."

"எதுக்குக்கா?"

"எதுக்கா? நான் பூட்டா என்னயும் அந்த ஆர்ட்டிஸ்ட்டு கைல குடுப்பானுங்க. அவன் எனக்கு மீச வெச்சுடுவான்."

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லாரும் வயதானவர்கள், எல்லாரும் கல்யாணத்துக்குப் புறப்பட்டதுபோல உடுத்தியிருந்தார்கள். கோடி வீட்டுக் கணேசமூர்த்தி பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். "எடுக்கற நேரத்துல சொல்லுப்பா, மாட்டிக்கறேன். ரொம்ப நேரம் போட்டா ஈறு வலிக்குது."

முற்றத்துச் சுவரோரம் ஒரு நாற்காலி போட்டார்கள். இளங்கோவன் புது ரோலை மாட்டினான். முகங்களை எப்படி எடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "மாலைக்கு எடம் உட்டு எடு", "கழுத்து முழுசா வரணும்", "பொட்டு தெரியுதா பாரு" என்று அவர்களே சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்ததும் முதுகை நிமிர்த்தி, கண் கொட்டாமல் லென்ஸுக்குள் பார்த்தார்கள். இவ்வளவு நேரம் யாரும் அவனை நேருக்கு நேர் பார்த்ததில்லை. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது விரல் வழுக்கியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர்கள் பார்ப்பது தன்னை இல்லை என்பது அவனுக்கு உறைத்தது. என்றைக்கோ ஒரு நாள் வடையும் பாயசமும் சாப்பிட வரப்போகிறவர்களை அவர்கள் இப்போதே பார்த்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரயும் நீ எடுத்துட்ட. ஒன்ன யாரு எடுக்கறது?" என்றாள் சரசு.

"எடுத்தா மாட்டறதுக்கு யாருக்கா கீறாங்க?"

அவள் முந்தானையால் பவுடரைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

எல்லாரும் போன பிறகு நாராயணசாமி வெளியே வந்தார். சவரம் செய்யாத முகம், பழைய பனியன், வேட்டி. வீட்டுக்குள்ளிருந்து மரப் பெஞ்சைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார். உதவிக்குப் போன நாகேஷைக் கையால் தள்ளினார். நாற்காலியைக் காலால் ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் பெஞ்சைப் போட்டு, அதன் ஒரு முனையில் உட்கார்ந்தார்.

"சட்ட போட்டுக்கினு வா நைனா" என்றான் நாகேஷ்.

"நடுவுல வந்து உக்காருங்க நைனா" என்றான் இளங்கோவன். "ஓரமா தெரியறீங்க."

"இங்கியே இருக்கட்டும்."

"கிட்ட வந்து மூஞ்சி மட்டும் எடுக்கட்டுமா?"

"வேணாம். பெஞ்ச முழுசா எடு."

குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த ஷோபா குழாயை மூடினாள். இளங்கோவன் பின்னால் நகர்ந்தான், இன்னும் கொஞ்சம் நகர்ந்தான், முதுகு எதிர்ச் சுவரில் முட்டியது. இப்போது பெஞ்சு முழுவதும் கண்ணாடிக்குள் வந்தது. கிழவரின் முகத்தில் ஃபோகஸ் வைத்தான். பிறகு காலியான பக்கத்துக்குக் கொண்டுபோனான். அங்கே வெயில் விழுந்த பலகையும் உரிந்த சுண்ணாம்புச் சுவரும் தெளிவாக வந்தன. நாராயணசாமி கைகளை மடியில் கோத்து வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பாரம் முழுவதும் ஒரு பக்கமாக இறங்கியதில், பெஞ்சின் மறுமுனைக் கால் தரையைத் தொடாமல் ஒரு விரல் உயரத்தில் நின்று மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.