ஒன்பதாம் கேள்வி

மாரண்டஹள்ளி முகாமில் அன்றைக்கு இருபத்தாறாவது ஆள் மலர்விழி. மணி மூன்றரை. எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. டாக்டர் தமிழ்ச்செல்வனுக்குத் தொண்டையே கட்டிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தை இன்னும் இரண்டு பேருமே பிரிக்கவில்லை.

எங்கள் வேலையைச் சொல்வது சுலபம். மன அழுத்தம் எவ்வளவு கடுமை என்று டாக்டர் பேசிப் பார்த்து ஒரு தாளில் எண் போடுவார். பிறகு அதே ஆள் வெளியே உட்கார்ந்து, தானே படித்து, இன்னொரு தாளில் தனக்கு எண் போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்பது கேள்விகள். இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், தினமும் என்றால் மூன்று. இரண்டு தாள்களும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. இரண்டு வருஷமாக இதையே செய்கிறேன். ஒத்துப்போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்கிற நிலைக்கு வந்து ரொம்ப நாளாகிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மலர்விழிக்கு முப்பத்திநான்கு வயது. தக்காளி போடும் முருகேஷின் மனைவி. தூக்கமில்லை, தலைவலி என்று கிராம நர்ஸ் அனுப்பியிருந்தார். கல்யாணத்துக்குப் போவது போல நல்ல சேலை, தலை நிறையக் கனகாம்பரம். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் கேட்டாள்.

"இன்னும் சாப்புடலீங்களா சார்?"

அதற்குப் பிறகு எல்லாம் இதமாகவே நடந்தது. பசங்க இரண்டு பேர், நன்றாகப் படிக்கிறார்கள். மாமியார் நல்லவர். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று டாக்டர் கேட்டபோது சிரித்தாள். "அய்யோ, அதெல்லாம் இல்லீங்க சார்." டாக்டர் 'லேசானது' என்று எழுதி, நாலு வாரம் கழித்து வரச் சொன்னார். ஓரமாக உட்கார்ந்திருந்த எனக்கும் அது சரியாகவே பட்டது.

வெளியே அவள் தாளை முடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன் ஏதாவது கேள்வி விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். எதுவும் விட்டுப்போகவில்லை. கூட்டினால் இருபத்திநான்கு. கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது. மூன்றில் அழுத்தி வட்டம் போட்டிருந்தாள்.

அந்தக் கேள்வியில் பூஜ்யம் தவிர எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னேன். அவர் பையை மூடிக்கொண்டிருந்தார்.

"நம்மகிட்ட சாப்பிட்டீங்களானு கேட்ட அம்மாவா? மார்க்குனு நினைச்சுப் போட்டிருப்பாங்க நிர்மலா. கம்பைநல்லூர் ராஜப்பனை மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அந்தப் பெரியவர் ஒன்பது கேள்விக்கும் மூன்று போட்டுவிட்டு, "பாஸாயிட்டனுங்களா?" என்று கேட்டார். பரீட்சை எழுதிப் பழகிய ஜனங்களிடம் எண்ணைக் கொடுத்தால் பெரியதைத்தான் போடுவார்கள். டாக்டர் சொன்னதில் தப்பில்லை. நானும் உறையை ஒட்டிவிட்டு வேனில் ஏறியிருப்பேன். ஆனால் ஐந்தாவது கேள்வியில் அவள் ஒன்றுதான் போட்டிருந்தாள். ஏழாவதில் இரண்டு. மார்க்குக்கு ஆசைப்படுகிறவள் அங்கே ஏன் குறைக்கிறாள்? எரிச்சலோடுதான் எழுந்து போனேன்.

சமுதாயக்கூடத்து வாசலில் முருகேஷ் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவளைக் குழாயடிக்குத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மூணு போட்டா நல்ல மார்க்குனு நெனச்சுப் போட்டீங்களாம்மா?"

"இல்லீங்க மேடம். தெனமும்னு போட்டிருந்துச்சு. தெனமுந்தானுங்க."

"டாக்டர் கேட்டப்ப இல்லேன்னீங்களே?"

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "நம்மூருக்கு வந்திருக்கறவருங்க. காலையில இருந்து அத்தினி பேர் அழுவறதக் கேட்டுட்டுப் பட்டினியா குந்தினு இருக்காரு. அவருகிட்டப் போயி இதச் சொன்னா வருத்தப்பட மாட்டாருங்களா?"

"தாள்ல மட்டும் எழுதினீங்க?"

"பேப்பருக்கு என்னங்க வருத்தம்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. என் மேலும் அந்த இரண்டு வருஷத்தின் மேலும்தான்.

அவளைத் திரும்ப உள்ளே அழைத்துப்போனேன். டாக்டர் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் மறுபடி சிரிக்கத் தொடங்கினாள்.

"ஒண்ணுமில்லீங்க சார், மேடந்தான் சும்மா..."

"சார், அவங்க உங்க மூஞ்சியப் பாத்தா சொல்ல மாட்டாங்க" என்றேன்.

தமிழ்ச்செல்வன் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லுங்கம்மா. நான் பார்க்கல."

மலர்விழி அந்த முதுகையே பார்த்தாள். பிறகு சொன்னாள், யாருக்கோ வழி சொல்வது போல.

"தெனம் கெணத்து மேட்டுல போயி நிப்பனுங்க சார். மாடு கத்தும். பால் பீச்சோணுமேன்னு திரும்பி வந்துருவேன். ரெண்டு நாளா அது கத்தறதும் காதுல விழ மாட்டேங்குது. நேத்து எங்க மாமியாருதான் வந்து கூட்டினு போனாங்க. காத்து வாங்கறேன்னு சொல்லிட்டேன். வூட்ல எல்லாருமே நல்லவங்கதாங்க. அதனாலதான் யாருகிட்டயும் சொல்ல முடியல."

டாக்டர் திரும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். திரும்பினால் அவருக்கு அவள் ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவாள் என்று எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"இன்னிக்கே நம்ம வேன்லயே தருமபுரி வரட்டும். ஒரு நிமிஷம்கூடத் தனியா விட வேண்டாம்" என்றார் ஜன்னலிடம். "வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். முருகேஷ் செருப்பை வெளியே விட்டுவிட்டு, எதற்கென்று தெரியாத பயத்தோடு உள்ளே வந்து நின்றார்.

"என்னாச்சு மலரு?"

அவரைப் பார்த்ததும் அவள் உதட்டில் அந்தச் சிரிப்பு எழுந்து வந்தது. நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சிரிக்காத மலரு" என்றேன்.