மவுஸ் வாங்கிய மாப்பிள்ளை

சிவகாசியில் வயர் இல்லாத மவுஸ் வாங்கினால், அதைப் பிடிக்கிற கை சாயங்காலம் தனியாக வெளியே போய்விட்டு வரும். வயர் வைத்த மவுஸ் வாங்கினால் கை எங்கேயும் போகாது. ஆள்தான் போக முடியாது. வயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் நடமாடிக்கொள்ளலாம். இரண்டிலும் சங்கடம் இருப்பதால் ஊரில் யாரும் அவசரப்பட்டு மவுஸ் வாங்குவதில்லை. பெண் பார்ப்பதைவிட அதிகமாக யோசித்து, நாலு பேரிடம் கேட்டுத்தான் வாங்குவார்கள்.

சீனிராஜுக்குப் பெண்ணையும் மவுஸையும் ஒரே மாதத்தில் பார்க்க வேண்டியதாகிவிட்டது. அவன் ஓர் அச்சாபீஸில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு டிசைன் போடுபவன். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணத்துக்கு மயிலும் குத்துவிளக்கும் வைத்துக் கொடுத்தவனுக்கு முப்பத்தைந்து வயதில்தான் பெண் அமைந்தது. அட்டைப்பெட்டி வியாபாரம் செய்கிற தவமணியின் மூத்த மகள் ஜெயக்கொடி. பெண் பார்க்கப் போன அன்று அவள் காபியை நீட்டி, சூடாக இருக்கிறது, பார்த்துக் குடிங்க என்றாள். அதுவரை அவனை யாரும் எதையும் பார்த்துக் குடிக்கச் சொன்னதில்லை. ஆள் அங்கேயே விழுந்துவிட்டான். கட்டினால் இவளைத்தான் கட்டுவேன், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று அக்கா பாக்கியத்திடம் வெட்கத்தை விட்டுச் சொல்லவும் செய்தான்.

நிச்சயம் முடிந்த வாரம் அச்சாபீஸின் பழைய மவுஸ் மண்டையைப் போட்டது. அடியில் உருண்டை வைத்த அந்தக் காலத்து மவுஸ். வயர் இருந்தும் யாரையும் கட்டிப்போடாத தங்கமான குணம் அதற்கு. அந்த ரகம் இப்போது வருவதில்லை. முகூர்த்த மாதம் வேறு. பத்திரிகைகள் பாதியில் நின்றன. சீனிராஜின் சொந்தப் பத்திரிகையே பிள்ளையார் படத்தோடு நின்றுபோயிருந்தது. முதலாளி வேண்டியதை வாங்கிக்கொள், ஆனால் விலை குறைவாக வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கிற முத்துக்காளை அண்ணாச்சி மூன்று மவுஸ்களை எடுத்து வைத்தார். வயர் வைத்தது மலிவு. வயர் இல்லாதது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மூன்றாவது உயர்ந்த சரக்கு. வயரும் கிடையாது, கூப்பிட்ட உடனே கை திரும்பி வந்துவிடும். அதன் விலையைக் கேட்டதும் சீனிராஜ் அதைத் தொடாமலே உள்ளே வைக்கச் சொல்லிவிட்டான்.

அண்ணாச்சி எதையாவது தலையில் கட்டி அனுப்புகிற ஆள் இல்லை. வயர் மவுஸ் வாங்கிய ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொன்னார். அவர் வீட்டில் அடுப்பை மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார்களாம். பேரனுக்குக் காது குத்தும்போது ஆசாரியையும் கிடாவையும் அந்த அறைக்குள்ளேயே வரவழைத்தார்களாம். மற்றபடி நிம்மதியான மனுஷர், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, எழுந்து போக வழி இல்லை. வயர் இல்லாததில் ஆளுக்குச் சுதந்திரம் உண்டு. ஆனால் மலிவு ரகத்தில் கை எங்கே போகும், எப்போது வரும் என்பதற்குக் கம்பெனிக்காரன் பொறுப்பில்லை. பேட்டரி தீர்ந்தால் போன இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். உள்ளங்கையில் போன் நம்பரை எழுதி அனுப்புவது நல்லது என்றார்.

"கல்யாணம் வச்சிருக்கேன் அண்ணாச்சி," என்றான் சீனிராஜ்.

"அப்போ ரெண்டுமே இடைஞ்சல்தான். தாலி கட்டக் கையும் வேணும், ஆளும் வேணும்லா."

வயர் மவுஸையே வாங்கிவிடலாமா என்று சீனிராஜ் பெண் வீட்டில் கேட்டுப் பார்த்தான். தவமணி நியாயமான மனிதர், யோசித்துப் பதில் சொன்னார். கம்ப்யூட்டர் மேசையை மணமேடைக்குத் தூக்கி வந்துவிடலாம், அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் பிள்ளையார் கோவிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு வரும்போது மேசையும் காரில் கூடவே வர வேண்டும். கம்ப்யூட்டர் ஓட ஜெனரேட்டர் வேண்டும். அந்த ஜெனரேட்டர் யார் செலவு? மாப்பிள்ளை வீட்டார் செலவுதான் என்று அவர் சொல்ல, பெண் வீட்டார் செலவுதான் என்று பாக்கியம் சொல்ல, பேச்சு வளர்ந்து, ஆளுக்கொரு பக்கம் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுக்கிற அளவுக்குப் போய்விட்டது. ஜெயக்கொடி கை நழுவிவிடுவாளோ என்று சீனிராஜ் பயந்துபோனான். அன்றைக்கே ஓடிப்போய் மலிவு ரகத்தில் வயர் இல்லாததை வாங்கிவிட்டான்.

சாயங்காலம் அச்சாபீஸில் விளக்குப் போட்டதும் கை மணிக்கட்டோடு கழன்றுகொண்டது. மேசைக்கால் வழியாக இறங்கி, செருப்புகளைச் சுற்றிக்கொண்டு, வாசலைத் தாண்டிப் போனது. சீனிராஜ் இடது கையால் டீ குடித்துக்கொண்டு அது தெருமுனை திரும்பும்வரை பார்த்தான்.

இப்படித் திரிகிற கைகளால் ஊருக்கு உபத்திரவம் எதுவும் இல்லை. கேரம் கிளப்பில் அவை ஆளோடு வருகிறவர்களைவிட நன்றாக ஆடும், வம்பு பேசாது. வெள்ளிக்கிழமை கோவிலில் விபூதிக்கு வரிசையாக வெறும் கைகள் நீளும்; குருக்களுக்கு யாரிடமும் குசலம் விசாரிக்க வேண்டியதில்லை. டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கை மட்டும் தொங்கினால் கண்டக்டர் அரை டிக்கெட் கிழிப்பார்.

சீனிராஜின் கை இந்த இடம் எதற்கும் போகவில்லை. முதல் நாள் சாம்பிராணி வாசத்தோடு திரும்பி வந்தது. அடுத்த நாள் விரல் நகங்களில் மருதாணி இருந்தது. அதற்கடுத்த நாள் உள்ளங்கையில் அவன் எழுதியிருந்த போன் நம்பரை யாரோ அழித்துவிட்டு, அதே இடத்தில் ஒரு பூ வரைந்திருந்தார்கள். அந்தப் பூவின் இதழ் ஜெயக்கொடி வீட்டு வாசல் கோலத்தில் இருந்த அதே இதழ்.

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் பழக்கம். கைக்கு மிதிக்கக் காலே கிடையாது. ஆகவே யாரும் குற்றம் சொல்ல முடியவில்லை. சீனிராஜுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நமக்காகத்தானே போகிறது என்று நினைத்தான். மருதாணி கலைந்துவிடாமல் இடது கையால் குளித்தான். சாயங்காலம் புறப்படும் முன்பு கைக்குக் கொஞ்சம் பவுடர் போட்டு, தன் நல்ல வாட்சையும் கட்டி அனுப்பினான். இவ்வளவு நல்ல மனசு அந்த வயதில் ஆகாது என்று அவனிடம் சொல்ல ஆள் இல்லை.

கல்யாணத்தன்று விடியும்போது, மண்டபத்து மாப்பிள்ளை அறையில், பட்டுச் சட்டையை மாட்டப் போனவனுக்கு வலது கை இல்லை. காலையில் அது வெளியே போவது அதுதான் முதல் தடவை. பேட்டரி தீர்ந்து எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேடக் கிளம்பினான். கேரம் கிளப் பூட்டிக்கிடந்தது. கோவிலில் இல்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஒரு கை உட்கார்ந்திருந்தது, ஆனால் அது மளிகைக்கடைக்காரருடைய கை. அவன் தெருத்தெருவாக அலைந்து வியர்த்து விறுவிறுத்து மண்டபத்துக்குத் திரும்பும்போது உள்ளே கெட்டிமேளம் முழங்கி ஓய்ந்துகொண்டிருந்தது.

மணமேடையில் ஜெயக்கொடி தாலியோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மணையில், மடித்த பட்டுத் துண்டின் மேல், வாட்ச் கட்டிக்கொண்டு சந்தனம் பூசிக்கொண்டு, அவனுடைய வலது கை இருந்தது.

ஐயர் நடந்ததைச் சொன்னார். முகூர்த்தம் தப்பப் பார்த்தது. குறித்த நேரத்துக்குக் கை வந்துவிட்டது, ஆள் வரவில்லை. தாலி கட்டுவது கைதானே என்று நடத்தி வைத்துவிட்டார். ஒற்றைக் கையால் முடிச்சு எப்படி விழுந்தது என்று சீனிராஜ் கேட்டான். கயிற்றின் மறுமுனையைப் பெண்ணே பிடித்துக் கொடுத்தாள் என்றார் ஐயர்.

அவன் பாக்கியத்தைப் பார்த்தான். நாத்தனார் என்ற முறையில் மற்ற இரண்டு முடிச்சையும் போட்டவள் அவள்தான்.

"அக்கா, நீயாவது நிறுத்தியிருக்கக் கூடாதா?"

"உன் கையை எனக்குத் தெரியாதாடா? சின்ன வயசுல நான் சோப்புப் போட்டுக் கழுவிவிட்ட கை. மொத முடிச்சு விழுந்தப்புறம் நாத்தனா கையக் கட்டிக்கிட்டு நிப்பாளா? ஊரு என்ன பேசும்?"

தன் கல்யாணத்துக்குத் தானே வந்து நிற்கிற விருந்தாளி மாதிரி சீனிராஜ் தூணோரமாக நின்றான்.

இனி அவனை என்ன முறை சொல்வது என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். பிறக்கும்போது தலைதான் முதலில் வந்தது, கை அப்புறம்தான் வந்தது என்று பாக்கியம் சாட்சி சொன்னாள். ஆகவே சீனிராஜ் மூத்தவன், கை அவனுக்குத் தம்பி என்று முடிவானது. ஜெயக்கொடிக்கு அவன் கணவனின் அண்ணன். பந்தியில் மூத்தவருக்கு உரிய முதல் இலையில் அவனை உட்கார வைத்தார்கள். விசேஷ வீட்டில் இடது கையால் சாப்பிட்டால் பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்பதால், தம்பியே வந்து பருப்புச் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டது. உருண்டை அவன் வழக்கமாகப் பிடிக்கிற அதே அளவில் இருந்தது. அவன் மென்றுகொண்டே அழுதான். கல்யாணத்துக்குப் பிறகு ஜெயக்கொடி தன்னை அத்தான் என்று கூப்பிடுவாள் என்று அவன் ஆசைப்பட்டிருந்தான். கூப்பிட்டாள்.

"அத்தான், இன்னும் ரெண்டு அப்பளம் வைக்கச் சொல்லட்டுமா?"

கல்யாணமான கையை வேலைக்கு அனுப்பப் பெண் வீட்டாருக்கு மனம் வரவில்லை. தம்பி தனிக்குடித்தனம் போய்விட்டது. சீனிராஜ் மறுபடி முத்துக்காளை அண்ணாச்சியிடம் போய், எதையும் பார்க்காமல், வயர் வைத்ததைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்து இடது கையில் பிடித்துக்கொண்டான். அதன்பிறகு அச்சாபீஸைவிட்டு வெளியே வர முடியவில்லை. மேசைக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துக்கொண்டான்; பாக்கியம் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவந்தாள். அவன் போட்ட மயில்கள் எல்லாம் இப்போது எதிர்ப்பக்கம் பார்த்தன. வாடிக்கையாளர்களுக்கு அது பிடித்திருந்தது. வெயில் எப்படி இருக்கிறது என்று வருகிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வான். எதுவும் நம்மைவிட்டுப் போகாமல் இருந்தால் சரி என்று சொல்லிக்கொள்வான், ஆனால் ராத்திரி முழுக்க அவளைத்தான் நினைத்துக்கொண்டிருப்பான்.

தை பிறந்ததும் தவமணி குடும்பத்தோடு அச்சாபீஸுக்கு வந்தார். ஜெயக்கொடி வந்திருந்தாள். அவள் தோளில் சாய்ந்துகொண்டு தம்பியும் வந்திருந்தது. பின்னால் அவளுடைய தங்கை வைரக்கனி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தவமணி ஒரு தட்டை மேசைப் பக்கம் நீட்டினார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், பூச்சரம், நடுவில் அட்டை பிரிக்காத வயர் இல்லாத மவுஸ்.

"வைரக்கனிக்கு இடது கைப் பழக்கம்," என்றார் தவமணி. "அக்காளும் தங்கச்சியும் ஒரே வீட்டுல வாக்கப்பட்டா சண்டை சச்சரவு இருக்காது. அவங்களுக்குப் பெரியவங்கன்னு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். நீங்கதான் மனசு வச்சுச் சரின்னு சொல்லணும்."

நடுவில் இருந்த மவுஸ் அண்ணாச்சி கடையின் மூன்றாவது ரகம் இல்லை, மலிவு ரகம்தான் என்பதைச் சீனிராஜ் கவனித்தான். சரி என்றால் வயர் இருக்காது, இன்றைக்கே தெருவில் இறங்கி நடக்கலாம் என்பதையும் நினைத்தான். ஜெயக்கொடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அவனிடம் ஒன்றைக் கேட்டு வந்து நிற்பது அதுதான் முதல் முறை.

"நல்ல நாள் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டான்.

அதன்பிறகு தட்டை வாங்குவதில் ஒரு சிக்கல் வந்தது. நல்ல காரியத்துக்கு இடது கையை நீட்டக் கூடாது. அவனிடம் வேறு கை இல்லை. வலது கை ஜெயக்கொடியின் தோளிலிருந்து இறங்கி வந்து, அண்ணன் சார்பில் தட்டை வாங்கி மேசைமேல் வைத்தது. பிறகு மேசைக்கு அடியில் போய் வெட்கப்பட்டு ஒளிந்திருந்த இடது கையைத் தட்டிக்கொடுத்து வெளியே அழைத்து வந்தது. இரண்டு கைகளும் சேர்ந்து தவமணியைக் கும்பிட்டன. சீனிராஜ் பெரியவன் என்ற முறையில் தலையை மட்டும் ஆட்டி வைத்தான்.